பின்னறைக் கணினிக்கு யார் அதிகாரி

பிப்ரவரி 4

தங்கைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் இப்போது இல்லை. கோபம் ஆறியதும் கேட்கிறேன்.

எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் "இதை அழுத்து, அதை அழுத்து" என்பாய், என் விரலும் வெட்கமில்லாமல் அழுத்திவிடும். மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் அதை எனக்கு அமைத்துக் கொடுத்ததும் நீ, அதன் பாஸ்வேர்டை வைத்திருப்பதும் நீ. உன் கைக்குள் வராதவர் தபால்காரர் ஒருவர்தான்.

சனிக்கிழமை நடந்தது உனக்குச் சின்ன விஷயம். நான் பின்னறையில் உட்கார்ந்து ஓட்டுநர் கையேட்டை அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. பேய் பிடித்துவிட்டதோ என்று கையை எடுத்துவிட்டேன். பார்த்தால் நீ. உன் ஊரில் இருந்துகொண்டே என் கணினிக்குள் நுழைந்து, ஏதோ அப்டேட் போட்டு, அணைத்து, திரும்பவும் ஏற்றினாய். காலையிலிருந்து அடித்த பக்கங்கள் போன இடம் தெரியவில்லை. நான் சேமித்திருக்க வேண்டும், அது சரி. ஆனால் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது நீ வந்து அடுப்பை அணைத்துவிட்டு, ஏன் சீக்கிரம் சமைக்கவில்லை என்று கேட்கக் கூடாது.

போனில் சண்டை போட்டபோது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். "உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா. நீ டைப் மட்டும் அடி, மத்ததை நான் பாத்துக்கறேன்."

அது இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை. நீ ஒரு பெரிய அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்க்கிறவள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கணினி உன் அலுவலகத்தில் இல்லை.

இந்தக் கையேடு எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்டதும் இல்லை. உன் அத்தான் பஸ் ஓட்டுகிற நிறுவனம்தான் இதைப் போடுகிறது. வேலையை எனக்குக் கொடுத்த அச்சகக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏப்ரல் கடைசிக்குள் வீட்டிலிருந்தே ஒழுங்காக முடித்துக் கொடுத்தால், இனி அவருடைய தமிழ் வேலை எல்லாம் என் பின்னறைக்கு வரும். தடுமாறினால், நான் அவர் கடைக்குப் போய், அவர் கணினியில், அவர் சொல்லும் நேரத்துக்கு உட்கார வேண்டும். இத்தனை வருடம் யாருக்கும் கைகட்டி நிற்காமல் வேலை செய்தவள் நான்.

என் கணினி பழசு, அதில் புது விண்டோஸ் ஏறாது என்று நீயே சொன்னாய். புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றும் சொன்னாய். அனுப்பாதே. அதற்கும் நீதான் பாஸ்வேர்டு வைத்திருப்பாய். நான் விண்டோஸை எடுத்துவிட்டு, பழைய கணினியிலும் ஓடுகிற லினக்ஸ் என்கிற இலவச அமைப்பைப் போடப் போகிறேன். நூலகத்தில் இதற்கென்றே ஒரு குழு கூடுகிறது. நூலகர் அம்மா லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவும் கொடுத்தார். யார் போட்டுத் தருவார்கள் என்று உன் அத்தான் கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு ஏன் அனுப்பினாய்? மேசைக்கு வந்து கொடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இங்கே யாருக்கும் கையால் எழுதிய கடிதம் வருவதில்லை.

அன்று நான் போட்டது பாதுகாப்புக்கான அப்டேட். அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாய். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். போனில் பேசிய விதம் சரியில்லை என்றால், சரியில்லை.

லினக்ஸ் விஷயம். வேண்டாம். நான் அதோடு தினமும் வேலை செய்கிறவள், எனக்கு அதன்மேல் பகை ஒன்றும் இல்லை. உன் நிலைமைக்குச் சொல்கிறேன். நீ பக்கம் அமைக்கும் மென்பொருள் அதில் ஓடாது. உன் பழைய கோப்புகள் எல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கின்றன, அவற்றை மாற்ற வேண்டும். கையில் அவசர வேலையை வைத்துக்கொண்டு யாராவது இதைச் செய்வார்களா? ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றுவார்களா என்று அத்தானைக் கேள்.

புதுக் கணினிக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வந்து சேரும். எல்லாம் உள்ளே போட்டே வரும், நீ பிளக்கைச் சொருகினால் போதும்.

கேட்க மாட்டாய் என்று தெரியும். அதனால் ஒன்று மட்டும். எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகல் எடு. எடுத்த பிறகு அதைத் திறந்து பார். நகல் எடுத்தேன் என்று சொல்லிவிட்டுத் திறந்து பார்க்காதவர்கள் கண்ணீரோடு என் மேசைக்கு வருவார்கள்.

ஏதாவது ஆகிவிட்டால் நான் லீவு போட்டு ஓடிவருவேன் என்று எதிர்பார்க்காதே. எங்களுக்கு இப்போது வேலை தலைக்கு மேல்.

தங்கை


பிப்ரவரி 23

மேலதிகாரி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார். கையெழுத்து இல்லை. என் கணினியில் அடித்து, என் பிரின்டரில் எடுத்தது. விண்டோஸ் இல்லாத கணினி. இதைப் படித்து முடிக்கும் வரை மூச்சு விடலாம், தப்பில்லை.

நீ சொன்ன ஒன்றை மட்டும் கேட்டேன். நகல் எடுத்தேன், திறந்தும் பார்த்தேன். பிறகு பென்டிரைவைச் சொருகி, எதையும் அழிக்காமல் முதலில் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். அப்படிச் செய்யலாம் என்று நீ எனக்குச் சொன்னதே இல்லை. புது வீட்டுக்குக் குடிபோகும் முன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இணையம் வரவில்லை. உன் எண்ணை அழுத்தப் போனவள், கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பிறகு அத்தானின் போனில் தேடினேன். என்னைப் போலவே வைஃபை வராமல் தவித்த யாரோ ஒருவர் பதில் எழுதி வைத்திருந்தார். போனை ஒரு ஒயரால் கணினியோடு இணைத்தால் அதன் வழியே இணையம் வரும், அப்புறம் வைஃபைக்கு வேண்டியதை அதுவே இறக்கிக்கொள்ளும் என்று. இறக்கிக்கொண்டது. அந்த முகம் தெரியாத ஆள் நன்றாக இருக்கட்டும்.

விண்டோஸை அழிக்கவா என்று கேட்கிற இடம் வந்தது. உன் அத்தானைக் கூப்பிட்டேன். அவர் சாட்சி மாதிரி பின்னால் நின்றுகொண்டு, "நல்லா யோசிச்சுக்க, இது ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி" என்றார். அழுத்தினேன்.

முடிந்ததும் அது என்னிடம் பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. இந்தக் கணினி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. உன்னைத்தான் கேட்கும். நான் ஒன்றை வைத்தேன். என்ன என்று கேட்காதே.

பிரின்டரை எப்படிச் சேர்ப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அதற்குள் அதுவே கண்டுபிடித்துவிட்டது. விண்டோஸில் அந்தப் பிரின்டரோடு நீ போட்ட குஸ்தி எனக்கு மறக்கவில்லை.

நீ அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. கொண்டுவந்தவர் மூன்று மாடி தூக்கி வந்திருந்தார், பாவம். தண்ணீர் கொடுத்து, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ அக்கறையாகத்தான் அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் திருப்பினேன்.

இப்போது கேட்கிறேன். நீ நலமா?

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

பெட்டி திரும்பி வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ஷூ போடும்போது அதன்மேல்தான் உட்காருகிறேன். நன்றி.

நலம்தான். சரியாகத் தூங்குவதில்லை, அது வேலையால்.

நீ செய்ததில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், எங்காவது இடறியிருப்பாயா என்று. போன் வழியாக இணையம் எடுத்தது எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக்கூட உடனே தோன்றாது. சொல்லிவிட்டேன், திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

அச்சில் எழுத்து நன்றாக இருக்கிறது. புது எழுத்துருவா?

ஒன்று சொல்கிறேன், அதிகாரம் செய்வதாக நினைக்காதே. உன் கணினியில் நன்றாகத் தெரிவது வேறு கணினியில் அப்படியே தெரியும் என்று நிச்சயம் இல்லை. ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதை அச்சகத்துக்கு அனுப்பி, அவர் திரையில் எப்படித் திறக்கிறது என்று பார்க்கச் சொல். முழுதாக முடிக்கும் வரை காத்திருக்காதே.

தங்கை


மார்ச் 19

தங்கைக்கு,

பெட்டியின்மேல் உட்கார்ந்து ஷூ போடுகிறாயா? நல்ல உபயோகம்தான். பழைய கணினியில் அப்படி உட்கார முடியாது.

வேலை ஓடுகிற ஓட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கையேட்டின் பழைய பதிப்பையும் நான்தான் அடித்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். மாறாத அத்தியாயங்களைப் பழைய எழுத்துருவிலிருந்து, இப்போது எல்லோரும் பயன்படுத்தும் புது முறைக்கு மாற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். வரிசையாக மாற்றி வைத்துவிட்டேன். மாறிய அத்தியாயங்களைப் புதிதாக அடிக்கிறேன். பக்கம் அமைக்க வேறு ஒரு மென்பொருள் கிடைத்தது. முதலில் எதிரி வீட்டில் சாப்பிடுவது போல இருந்தது, இப்போது பழகிவிட்டது.

நடுவில் நின்றுபோவது, சுற்றிக்கொண்டே இருப்பது, ஒன்றும் இல்லை. உன் அத்தான் பணி முடிந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அடித்ததைச் சத்தமாகப் படிக்கிறார். டிரைவர்கள் படிக்கப் போவதை டிரைவரே பிழை பார்க்கிறார், யாருக்குக் கிடைக்கும்? "சரிவில் இறங்கும்போது" என்கிற பக்கத்தில், இப்படியெல்லாம் யாரும் பேச மாட்டார்கள் என்று சண்டை போட்டு ஒரு வாக்கியத்தை மாற்றவும் வைத்தார்.

மாதிரி அனுப்பச் சொன்னாய். அச்சகக்காரரிடம் அரைகுறையாக எதையும் காட்ட எனக்குப் பிடிக்கவில்லை. முடித்து, மொத்தமாகக் கையில் கொடுத்து, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நூலகக் குழுவில் இப்போது என்னைச் சந்தேகம் கேட்கிறார்கள் தெரியுமா? நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு இருக்கிறேன், இருந்துவிட்டுப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 13

தங்கைக்கு,

கூட ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், பார். அச்சகக்காரர் கணினியில் திறந்து எடுத்தது. கொம்பு வருகிற இடமெல்லாம் ஒரு புள்ளி வட்டம். என் திரையில் இப்படி இல்லை, என் பிரின்டரிலும் இல்லை. உனக்கு அடித்த கடிதங்களிலும் இல்லை, நீயே எழுத்து நன்றாக இருக்கிறது என்றாய்.

அவர் கடையில் எல்லோரும் திரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் அங்கே நின்றேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "பரவால்லம்மா, நம்ம ஆளுங்க மறுபடி அடிச்சுக்குவாங்க. நீங்க அடுத்த மாசத்துலேர்ந்து இங்கயே வந்து உக்காருங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இந்த மாதக் கடைசி வரை எனக்குத் தவணை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பஸ் புத்தகத்துல சக்கரம் இருந்தா என்ன" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதிரி அனுப்பு என்று நீ சொன்னாய். அதை நீ எழுத வேண்டாம், எனக்கே தெரியும்.

போனை எடுத்து உன் பெயர் வரை வந்தேன். வைத்துவிட்டேன். ஏன் இப்படி ஆயிற்று, அந்தக் காரணத்தை மட்டும் எழுது. சரிசெய்வது என் பாடு. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நீயும் அப்படியே அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

காரணம் மட்டும்.

நீ தட்டச்சு படித்தபோது நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் உன் கைதான் ஞாபகம் வந்தது. 'கெ' அடிக்க உன் விரல் முதலில் கொம்புக்குப் போகும், பிறகு 'க'வுக்கு. காகிதத்தில் இடமிருந்து வலமாக அப்படித்தானே விழும். பழைய எழுத்துருவும் அதே வரிசையில் வாங்கிக்கொண்டது.

புது முறை அப்படி இல்லை. கணினிக்கு 'க' முதலில் போக வேண்டும், கொம்பு பின்னால். காட்டும்போது அதுவே கொம்பை முன்னால் நகர்த்திக்கொள்ளும். நீ பழக்கப்படி கொம்பை முதலில் கொடுத்திருக்கிறாய். நீ தேர்ந்தெடுத்த எழுத்துரு சாது, கொடுத்ததை அப்படியே காட்டிவிட்டது. அச்சகத்தில் இருப்பது கறாரானது. கொம்புக்கு முன்னால் எழுத்தைக் காணோமே என்று அந்த இடத்தில் புள்ளி வட்டம் வைத்துக் காட்டுகிறது. தாளில் பார்த்தால் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

கொம்பும் எழுத்தும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். நீ அடித்தது ஒன்றும் வீணாகவில்லை.

சரிசெய்யும் வழியும் எனக்குத் தெரியும். ஒரு முழுத் தாளில் எழுதிவிட்டு, கிழித்துப் போட்டேன். நீ கேட்கவில்லை. கேட்டால் அன்றே அனுப்புகிறேன். இதை எழுதும்போது என் கை எப்படிப் பரபரக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன் கணினி எனக்குத் திறந்திருந்தால் இந்நேரம் உள்ளே போயிருப்பேன். திறந்திருக்கவில்லை என்பதால் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொள்ள முடிகிறது.

தேவைப்பட்டால் கேள் அக்கா. கேட்டால் நீ குறைந்துவிட மாட்டாய்.

தங்கை


ஏப்ரல் 30

தங்கைக்கு,

கேட்கவில்லை. கேட்காமலே முடித்தேன். நேற்று அச்சகக்காரரின் கறார் எழுத்துருவில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திறந்து காட்டினேன். ஒரு சக்கரம்கூட இல்லை.

உன் கடிதம் வந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். தட்டச்சில் முதல் பரிசு வாங்கிய விரல் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று. பிறகு யோசித்தேன். இடம்தானே மாறியிருக்கிறது, ஒன்றைத் தேடி இன்னொன்றை வைக்கும் வசதி எழுதும் மென்பொருளில் இருக்கிறதே. 'கெ', 'சே' என்று ஒவ்வொன்றாகத் தேடினால் ஆயுள் போதாது. எந்தக் கொம்பாக இருந்தாலும், அதன் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும், இரண்டையும் இடம் மாற்று என்று ஒரே வரியில் சொல்ல ஒரு முறை இருக்கிறதாம். உதவிப் பக்கத்தைப் படித்தேன், புரியவில்லை. மறுபடி படித்தேன். நூலகத்தில் போய் உட்கார்ந்து ஒரு சின்னப் பத்தியில் பழகிப் பார்த்தேன். என்னைப் போலவே அங்கே யாருக்கும் தெரியாததால் வெட்கப்படாமல் தப்புப் பண்ணினோம்.

வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் முழுப் புத்தகத்துக்கும் ஒரே அழுத்தாக அழுத்தினேன். உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். "வகேம் அதிகமானால் சதேம் அதிகம்" என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் படித்தார். வேகம் எல்லாம் வகேம், சேதம் எல்லாம் சதேம். என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பழைய பதிப்பிலிருந்து மாற்றிய அத்தியாயங்கள் மாற்றும்போதே சரியான வரிசையில் வந்திருந்தன. சரியாக இருந்ததை நான் கலைத்துவிட்டேன்.

அதற்கு முன்பே நகல் எடுத்து வைத்திருந்தேன், திறந்தும் பார்த்திருந்தேன். அதை எனக்குச் சொன்னது நீ. அதை நான் மறைக்கவில்லை.

நகலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மாற்றிய அத்தியாயங்களில் அதை ஓட்டவே இல்லை. நானே அடித்தவற்றில் மட்டும் அந்த வரியை ஓட்டினேன். பழைய அத்தியாயங்களுக்கு நடுவே நான் புதிதாகச் சேர்த்த வாக்கியங்கள் அங்கங்கே இருந்தன. அச்சகக்காரரின் எழுத்துருவை வாங்கிப் போட்டு, புள்ளி வட்டம் தெரிகிற இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சத்தமாகப் படித்தார். தொண்டை கட்டிப்போய் வேலைக்குப் போனவரை, யாரோடு சண்டை என்று கேட்டார்களாம்.

இன்னொன்றும் கேள். என் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று விரலை வளைத்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கக் குழந்தை மாதிரி தடவினேன். அப்புறம், நான் ஏன் மாற வேண்டும் என்று தோன்றியது. அமைப்பில் தேடினேன். கொம்பை முதலில் அடித்தாலும் உள்ளே சரியான வரிசையில் வாங்கிக்கொள்ளும் விசைப்பலகை முறை ஒன்று அங்கேயே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டேன். இந்தக் கடிதம் அதில் அடித்ததுதான். இப்போது என் விரல் தன் வழியில் போகிறது, கணினி என் பின்னால் வருகிறது.

அச்சகக்காரர் எழுத்துக்கோப்பு என்று போட்டு என் பெயரை உள்பக்கத்தில் அச்சிடப் போவதாகச் சொன்னார். உன் பெயரையும் சேர்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. இது நான் செய்தது.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

கையேடு வந்தது. உள்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். என் பெயரைச் சேர்க்காதது சரி. சேர்த்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.

அதை என் மேசையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. இருந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன். பழைய கணினியில், தானே லினக்ஸ் போட்டு, தானே பக்கம் கட்டி, தானே பிழை கண்டுபிடித்துத் திருத்தியது எங்கள் அக்கா என்று சொல்கிறேன். நேற்று ஒருவர், இதைப் போன வாரமே சொல்லிவிட்டீர்கள் என்றார். அதனால் என்ன, மறுபடி கேட்கட்டும்.

அந்த ஒற்றை வரி, இடம் மாற்றும் வரி. நான் கிழித்துப் போட்ட தாளிலும் அதேதான் இருந்தது. பழைய அத்தியாயங்கள் கலைந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அனுப்பியிருந்தால் நீயும் நம்பி முழுப் புத்தகத்துக்கும் ஓட்டியிருப்பாய், அதற்கு நான்தான் காரணமாகியிருப்பேன்.

பிப்ரவரியில் உன்னைக் கேட்காமல் உள்ளே வந்தது தப்பு. உனக்குப் புரியாது என்று சொன்னது அதைவிடத் தப்பு. இதைப் போனில் சொல்லிப் பார்த்தேன், நான்கு தடவை. நீ எடுப்பதற்கு முன்பே நானே வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் லீவு கிடைக்கும். வரட்டுமா? கணினியைத் தொட மாட்டேன். பின்னறை வாசலில் நின்று பார்க்கிறேன், போதும்.

தங்கை


மே 22

தங்கைக்கு,

வா. வாசலில் எல்லாம் நிற்க வேண்டாம், நாற்காலி இருக்கிறது. நீ நான்கு தடவை கூப்பிட்டது என் போனில் தெரிந்தது. நானும் திருப்பிக் கூப்பிடாமல்தான் இருந்தேன். இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள்.

உன் கடிதத்தை அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன். தப்பு என்று எழுதிய இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். கையேடு டிப்போவில் எல்லோர் கையிலும் இருக்கிறதாம். ஒவ்வொருவரிடமும் உள்பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார். நீ அங்கே செய்வதை இவர் இங்கே செய்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று வெளியே சொல்கிறேன்.

எழுத வந்த விஷயம் வேறு. அச்சகக்காரர் இன்று வீட்டுக்கே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் இந்த மாடிப்படி ஏறியதில்லை, நான்தான் அவர் கடைக்குப் போவேன். அடுத்த வேலைக்கான காகிதக்கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பின்னறையைச் சுற்றிப் பார்த்தார். தன் கடையிலும் ஒரு பழைய கணினி புது விண்டோஸ் ஏறாமல் கிடக்கிறதாம். அதையும் இந்த மாதிரி ஆக்க முடியுமா என்று கேட்டார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். முன்பு ஒருமுறை என் கணினி படுத்தபோது அவரிடம் உன் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தேன் அல்லவா, அதை இன்னும் வைத்திருக்கிறார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க தங்கச்சி பெரிய ஆபீஸ்ல இருக்காங்களேன்னு நேத்து அவங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணேன். அவங்க, 'எனக்குத் தெரியாதுங்க, அதெல்லாம் எங்க அக்காவுக்குத்தான் தெரியும். அவங்களையே கேளுங்க'ன்னு சொல்லிட்டாங்க."

பொய்க்காரி. உனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. போனிலேயே அவருக்கு வழி சொல்லி முடித்திருப்பாய், ஒரு வாய் காபி ஆறுவதற்குள். நீ பேச ஆரம்பித்த நாளிலிருந்து உன்னோடு இருக்கிறேன். தெரியாது என்ற வார்த்தையை உன் வாயால் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரியாதபோதுகூட எதையாவது சொல்லிவிட்டுத்தான் உட்காருவாய். அதைப் போய் எனக்காகச் சொல்லியிருக்கிறாய், அதுவும் என்னிடம் மூச்சே விடாமல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையேடு அச்சாகி வந்தபோதுகூட இவ்வளவு பெருமையாக இல்லை. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று காகிதக்கட்டை எடுத்து அலமாரியில் வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க, எனக்குத்தான் தெரியும். மெஷினை மேல கொண்டு வாங்க" என்றேன்.

அக்கா